ரோமானிய வெண்கலக் காசுகள்: இனங்காணலும் பாதுகாத்தலும்

தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானிய நாணயங்கள் என்றவுடன் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய சக்கரவர்த்திகளின் வெள்ளிக் காசுகளும் பல இடங்களில் வெளிப்பட்டுள்ளன. இவை பெரும்பாலும் கி.பி. முதல் நூற்றாண்டு வாணிபத்தின் சான்றுகள். ஆனால், அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்ட ரோமானியக் காசுகளும் இந்நாட்டில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை கறுத்தும் தேய்ந்தும் பழைய பொத்தான் போலத் தோன்றும் சிறு வெண்கலக் காசுகள். விலைமதிப்புக் குறைந்தவை என்பதனாலேயே அவை பெரிதும் புறக்கணிக்கப்பட்டு வந்துள்ளன.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், மதுரையில் வைகைப் படுகையிலும், திருக்கோவிலூர்ப் பகுதியிலும் இக்காசுகள் கிடைத்துள்ளன. இம்மூன்று இடங்களின் காசுகளையும் ஆராய்ந்து நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையில் இவை இன்னும் மிகுதி. அங்குக் கிடைத்தவற்றைப் பற்றிக் காட்ரிங்டன் 1924-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார்.

இக்காசுகளை இனங்காண்பது கடினமன்று. பெரும்பாலானவை கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. செம்புடன் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. அக்காலத்தில் இவற்றுக்கு வழங்கிய பெயர்கள் தெளிவாகத் தெரியாமையால், ஆராய்ச்சியாளர் அளவைக் கொண்டே இவற்றை வகுக்கின்றனர். 17 முதல் 21 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ளவை மூன்றாம் வகை. 17 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை நான்காம் வகை.

முன்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கம் நோக்கிய சக்கரவர்த்தியின் தலை இருக்கும். முத்துக் கோத்த பட்டம் தலையைச் சுற்றிக் கட்டப்பட்டு, அதன் நுனிகள் பிடரியில் தொங்கும். விளிம்பை ஒட்டி இலத்தீன் எழுத்துக்கள் செல்லும். தொடக்கத்தில் ‘டி’, ‘என்’ என்னும் இரண்டு எழுத்துக்கள் தெரிந்தால் அவை ‘நம் ஆண்டகை’ என்னும் பொருள்படும் சொற்களின் முதலெழுத்துக்கள் என்று கொள்ளலாம். அவற்றை அடுத்து வருவது சக்கரவர்த்தியின் பெயர். தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹோனோரியஸ் ஆகியோரின் பெயர்கள் இங்குக் கிடைக்கும் காசுகளில் காணப்படுகின்றன.

பின்புறத்தில் சில உருவங்கள் திரும்பத் திரும்ப வரும். ஈட்டியேந்திய வீரர் இருவரும் அவர்களிடையே படைக்கொடியும் ஒரு வகை. வீழ்ந்த குதிரை வீரனை ஈட்டியால் குத்தும் போர்வீரன் மற்றொரு வகை. கைதியை இழுத்துச் செல்லும் சிறகுடைய வெற்றித்தேவதை வேறொரு வகை. இது 388-ஆம் ஆண்டையொட்டி வெளியிடப்பட்டது. உருவத்தின் கீழே, கோட்டுக்கு அடியில் உள்ள எழுத்துக்கள் அக்காசு கான்ஸ்டான்டினோப்பிளில் அடிக்கப்பட்டதா, அந்தியோக்கியாவிலா, அலெக்சாந்திரியாவிலா என்பதைக் காட்டும்.

இவற்றோடு பிறவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. சங்ககாலச் சேர, சோழ, பாண்டியச் செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும். யானை, வில், புலி, மீன் ஆகிய சின்னங்களைக் கொண்டிருக்கும். நாயக்கர் காலக் காசுகளில் தெய்வ உருவங்கள் இருக்கும். டச்சுக் கம்பெனியின் செப்புக் காசுகளில் கம்பெனியின் கூட்டெழுத்துச் சின்னம் இருக்கும். இலங்கையில் ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரிலேயே செய்யப்பட்ட போலிகளும் உண்டு. அவற்றில் எழுத்துக்குப் பதிலாகப் பொருளற்ற கோடுகளே காணப்படும். இப்போலிகளைக் குப்பையென ஒதுக்குவது தவறு. உள்ளூரில் சில்லறைத் தேவை இருந்தது என்பதற்கு அவையே சிறந்த சான்று.

தமிழகத்துச் சந்தைகளிலும் இக்காசுகள் சில்லறையாகக் கைமாறினவா, அன்றி உருக்குவதற்கான உலோகமாக மட்டுமே வந்திறங்கினவா என்பது முக்கியமான கேள்வி. பல காசுகள் மிகவும் தேய்ந்திருப்பது புழக்கத்தைச் சுட்டுகிறது. ஆயினும் அதனை உறுதிப்படுத்த, எக்காசு எவ்விடத்தில், எவ்வாழத்தில், எப்பானையோட்டுடன் கிடைத்தது என்பது தெரிய வேண்டும். ஆற்றுநீர் உருட்டிக் கொணர்ந்த காசும், வணிகர் கைவழி வந்த காசும் இதற்கு விடை கூறமாட்டா. சக்கரவர்த்தியின் பெயரை நூலைப் புரட்டிப் பின்னர் அறியலாம். கிடைத்த இடத்தை ஒருமுறை இழந்தால் மீண்டும் பெற வழியில்லை.

ஆகவே களப்பணியாளர் காசு கிடைத்தவுடன் கிராமம், புல எண், ஆழம், நாள், உடன் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்து, அக்குறிப்பைக் காசுடனேயே ஒரு காகித உறையில் இடுதல் வேண்டும். புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கற்பொடி ஆகியவற்றால் தேய்த்துத் துலக்குதல் அறவே கூடாது. பாத்திரத்துக்கு ஏற்ற அம்முறை, களிம்போடு எழுத்தையும் அழித்துவிடும். கெட்டியான பச்சை நிறக் களிம்பு காசைக் காக்கும் போர்வை. வெளிறிய பச்சைப் பொடி உதிருமாயின் அது உப்பினால் ஏற்படும் அரிப்பு. அத்தகைய காசை ஈரமில்லாத இடத்தில் தனியே வைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புதல் நலம்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் அதனை மாவட்டக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் விதிக்கிறது. மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது. தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாகும்.

கிணறு வெட்டுவோரும் உழவரும் தமக்குக் கிடைத்ததைப் பெரும்பாலும் முதலில் காட்டுவது உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரிடமே. அவர் விலை கூறாமல், “இது எங்கே கிடைத்தது?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வாராயின், தேய்ந்த ஒரு காசும் நாட்டின் சரித்திரத்துக்கு ஆதாரமாகும்.