துவாதசிக் கீரை

ஏகாதசி உபவாசம் இருந்தவர்கள் மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் சேர்த்துக்கொள்வது, தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி அமைந்த ஸ்ரீரங்கத்தில் இன்றும் வழுவாத ஆசாரம். மாதம் இருமுறை இலையில் விழும் அந்தக் கீரை, கண்ணுள்ள ஒவ்வொருவருக்கும் வாரம் முழுவதும் வேண்டிய ஆகாரம் என்பதே என் சித்தாந்தம்.

பகலெல்லாம் ஒளியை ஏற்கும் விழித்திரையில் பிராணவாயுவின் செலவு மிக அதிகமாதலால், திசுக்களைச் சிதைக்கும் உக்கிரமான அணுத்துணுக்குகள் அங்கே ஓயாமல் பிறக்கின்றன. அவற்றைச் சாந்தப்படுத்தவே இயற்கை, விழித்திரையின் மத்தியிலுள்ள சிறிய மஞ்சள் புள்ளியில் லூட்டீன், ஸீயாஸாந்தின் என்னும் இரு வர்ணப் பொருள்களைச் சேமித்து வைத்திருக்கிறது. இவற்றை உடல் தானே உற்பத்தி செய்துகொள்ளாது. கீரையும் மக்காச்சோளமும் முட்டையின் மஞ்சட்கருவும் தந்தால்தான் உண்டு. கொழுப்பில் கரையும் பொருள்களாகையால், நல்லெண்ணெயில் தாளித்த முருங்கைக்கீரையே அவற்றைச் செவ்வனே உடலில் சேர்க்கும்.

கீரையின் பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும், முற்றினால் கருவிழியே கரைந்துபோகும். அதன் மகிமையை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் திருச்சி ஜில்லாவின் கிராமங்களிலேயே நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சகாக்களும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான சுமார் 15,000 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களுள் ஒரு பாதியாருக்கு ஓராண்டுக் காலம் வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ அளித்து வந்தபோது, அப்பாதியில் மரணம் 54 சதவிகிதம் குறைந்திருந்ததை 1990-இல் வெளியிட்டார்கள். கொடுத்தது மருந்துத் துளியேயாயினும், சிறிதளவைக் கிரமந்தவறாமல் கொடுத்ததே அதன் சிறப்பு. அன்றாடக் கீரையும் அவ்வழியில்தான் பயன் தரும். இவ்வாராய்ச்சியை ஜில்லாவாசிகளிலேயே பலர் அறியாதிருப்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

முதியோரின் விழித்திரைச் சிதைவைப் பற்றி அமெரிக்கத் தேசியக் கண் ஆராய்ச்சி நிலையம் 2001-இல் வெளியிட்ட முடிவு, நோய் நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை, அது முற்றும் அபாயத்தை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைத்ததாகக் கூறுகிறது. பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோயை அதிகரிப்பது தெரியவந்ததால், 2013-இல் அதன் ஸ்தானத்தில் லூட்டீன் பரிந்துரைக்கப்பட்டது. ஆகவே வைத்தியரைக் கேளாமல் மாத்திரை வாங்குவது தகாது.

அந்த மாத்திரைகள் கண்புரையைத் தடுக்கவில்லை. பொன்னாங்கண்ணி உண்டால் புரை கரையும் என்று நம்பிக் காலம் கடத்தும் பெரியவர்கள், 1934 முதல் திருச்சியில் பணிபுரிந்துவரும் ஜோசப் கண் மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சென்று சஸ்திர சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். கீரையைச் சிகிச்சைக்குப் பிறகும் உண்ணலாம்.