உங்களுக்குத் தெரியுமா? – தேசப் பாதுகாப்பு: பெண்கள் கேட்ட கணக்கு

தேசப் பாதுகாப்பு என்றதும் முள்வேலி, பீரங்கி, குடியரசு தின அணிவகுப்பு என்றுதான் நம் மனக்கண்ணில் படம் ஓடும். அந்தப் பாதுகாப்பு யாருக்கு, அதன் செலவு யார் தலையில் விடிகிறது என்று பெண்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

★ முதல் உலகப்போர் உச்சத்தில் இருந்தபோது, சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பெண்கள் ஒரே அரங்கில் கூடினார்கள். 1915 ஏப்ரல் இறுதியில், நெதர்லாந்தின் ஹேக் நகரில். மருத்துவர் அலெட்டா யாக்கோப்ஸ் முன்னின்று கூட்டிய அந்த மாநாட்டுக்கு 12 நாடுகளிலிருந்து 1,100-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பிரிட்டனிலிருந்து வரத் தயாராக இருந்த பெரும்பாலோரால் வட கடலைத் தாண்ட முடியவில்லை. கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு நிலப்பகுதியில் வாழும் ஆண்கள், பெண்கள் சம்மதம் இல்லாமல் அதை இன்னொரு நாட்டுக்குக் கைமாற்றக் கூடாது என்பது அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று. மாநாடு முடிந்ததும் அவர்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பாமல், போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்கே போய் அமைச்சர்களைச் சந்தித்தார்கள்.

★ அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஜேன் ஆடம்ஸைச் சொந்த நாட்டுப் பத்திரிகைகளே வசைபாடின. 1931-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு. உடன் போன பேராசிரியை எமிலி கிரீன் பால்ச், போரை எதிர்த்ததால் கல்லூரி வேலையை இழந்தார். 1946-ல் அவருக்கும் நோபல்.

★ அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் மொன்டானாவைச் சேர்ந்த ஜானெட் ரான்கின். அவர் ஜெயித்த 1916-ல் அந்த நாட்டுப் பெண்கள் பலருக்கு ஓட்டுரிமையே கிடையாது. முதல் உலகப்போரில் நாடு இறங்கியபோது 'வேண்டாம்' என்று வாக்களித்தார். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்றும் 'வேண்டாம்' என்றார். பிரதிநிதிகள் சபையில் அன்றைய கணக்கு 388-க்கு 1. கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒரு டெலிபோன் அறைக்குள் ஒதுங்கி, போலீஸ் துணையோடு அலுவலகம் போய்ச் சேர்ந்தார். அந்த இரண்டாவது வாக்கு சரியா என்று வாதாடலாம். தாக்கிய ஜப்பானை வேறு எப்படி நிறுத்துவது என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் லட்சக்கணக்கான பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பும் முடிவில் ஒரு மறுப்பாவது பதிவாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். 87 வயதில், 1968-ல், வியட்நாம் போரை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களோடு வாஷிங்டனில் அவர் ஊர்வலம் போனார்.

★ அணுகுண்டுச் சோதனைக்கு எதிரான வலுவான சாட்சியங்களில் ஒன்று குழந்தைகளின் பால்பல்!

1950-களில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் திறந்த வெளியில் குண்டுகளை வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. நாட்டைக் காக்கத்தான் இது என்றது அரசு. வெடிப்பில் கிளம்பும் ஸ்ட்ரான்சியம்-90 காற்றில் பறந்து, மழையோடு புல்லில் இறங்கும். புல்லை மாடு மேயும், பாலில் சேரும். கால்சியம் மாதிரியே நடந்துகொள்ளும் பொருள் என்பதால், பால் குடிக்கும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்கிவிடும்.

செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் லூயிஸ் ரைஸ் தலைமையில், 1958 இறுதியில் பால்பல் சேகரிப்பு தொடங்கியது. விழுந்த பல்லைத் தாய்மார்கள் ஒரு அட்டையோடு அனுப்பி வைத்தார்கள். குழந்தை எப்போது பிறந்தது, கர்ப்ப காலத்தில் தாய் எந்த ஊரில் இருந்தாள், குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்ற விவரங்கள் அதில் இருக்கும். பல் கொடுத்த பிள்ளைக்கு, 'என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்' என்று எழுதிய பேட்ஜ் பரிசு. அதில் ஓட்டைப்பல் தெரியச் சிரிக்கும் ஒரு பையன். இப்படி மூன்று லட்சம் பற்களுக்கு மேல் சேர்ந்தன. 1950-ல் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், 1963-ல் பிறந்தவர்களின் பற்களில் ஸ்ட்ரான்சியம்-90 ஏறக்குறைய 50 மடங்கு.

இதற்கிடையே 1961 நவம்பர் 1 அன்று, டாக்மர் வில்சன் என்ற ஓவியர் விடுத்த அழைப்பை ஏற்று, அமெரிக்காவின் பல நகரங்களில் பல்லாயிரம் பெண்கள் அணுச்சோதனையை எதிர்த்து வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பின்னால் கம்யூனிஸ்ட் தொடர்பா என்று நாடாளுமன்றக் குழு அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்வையாளர் வரிசையை நிரப்பினார்கள். சாட்சி சொல்ல எழுந்த தோழிகளுக்குக் கைதட்டினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுச்சோதனை கூடாது என்றது அது.

★ அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் கொன்றதற்கு அந்த ஆட்சி சொன்ன காரணமே தேசப் பாதுகாப்புதான். 1977 ஏப்ரல் 30 அன்று, பிள்ளைகளைத் தேடிய 14 பெண்கள் பியூனஸ் அயர்ஸின் பிளாசா டே மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை, நடங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி என்று சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். வாரா வாரம் அந்த நடை தொடர்ந்தது. தலையில் அவர்கள் முதலில் கட்டிய வெள்ளைத் துணி, குழந்தைக்குக் கட்டும் அரைத்துணி. அவர்களை ஒன்றுசேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோரையும் அதே ஆண்டு டிசம்பரில் கடத்திக் கொன்றார்கள். பெயர் தெரியாத பிணமாகப் புதைக்கப்பட்டிருந்த அவருடைய எலும்புகள் 2005-ல்தான் அடையாளம் காணப்பட்டன. அவருடைய அஸ்தி இன்று அதே சதுக்கத்தில் இருக்கிறது.

★ நம் மொழி பேசும் தாய்மார்களும் இதே வழியில் நடந்தவர்கள்தாம். கூட்டங்கூட்டமாகக் கைதான இளைஞர்களை விடுவிக்கச் சொல்லி, 1984-ல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. குற்றச்சாட்டே பதிவு செய்யாமல் 18 மாதம் வரை ஒருவரை அடைத்துவைக்க, 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009-ல் முடிந்தது. படைகள் பிடித்துவைத்திருந்த காணிகள் உடனே திரும்பவில்லை. முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில், 2017 ஜனவரி இறுதியில், விமானப்படை முகாம் வாசலிலேயே பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பகல் வெயில், இரவுப் பனி, தெருவோரச் சமையல், பிள்ளைகளுக்கு அங்கேயே படிப்பு. ஒரு மாதம் கழித்து, மார்ச் தொடக்கத்தில் அங்குள்ள பிலக்குடியிருப்பு மக்களுக்குக் காணி திரும்பக் கிடைத்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அதே ஆண்டு பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்துக்கு இதுவரை விடை இல்லை. பதில் கிடைக்காமலே இறந்துபோனவர்கள் அவர்களில் பலர்.

★ மணிப்பூரில் இரவுக் காவலுக்குப் பந்தம் ஏந்தி நிற்கும் பெண்களுக்கு மெய்ரா பைபி என்று பெயர். 2004 ஜூலையில், மனோரமா என்ற பெண் அசாம் ரைஃபிள்ஸ் படையினரின் காவலில் கொல்லப்பட்டதும், இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் ஆடை களைந்து நீதி கேட்டார்கள். அடுத்த மாதமே இம்பால் நகராட்சிப் பகுதியில் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில், கோட்டைக்குள் முகாமிட்டிருந்த அசாம் ரைஃபிள்ஸ் அதைக் காலி செய்தது.

★ லைபீரியாவின் உள்நாட்டுப் போரை முடிக்க, 2003-ல் கானா தலைநகர் அக்ராவில் பேச்சுவார்த்தை நடந்தது. வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். லேமா போவி தலைமையில் வெள்ளை ஆடை அணிந்த பெண்கள் அரங்கின் வாசலில் தரையில் கைகோத்து உட்கார்ந்து, பேசி முடிக்காமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் ஆனது. 2011-ல் போவிக்கு நோபல்.

★ அமைதிப் பேச்சுகளில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் (எண் 1325) போட்டது 2000 அக்டோபர் 31 அன்று. ஹேக் மாநாடு நடந்து 85 ஆண்டு கழித்து! 1992 முதல் 2019 வரை உலகின் முக்கிய அமைதிப் பேச்சுகளில் பேச்சுவார்த்தை நடத்தியவர்களில் பெண்கள் 13 சதவீதம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம். இது வெட்கக்கேடு.

★ ஜம்மு எல்லைக் கிராமங்களில் மக்கள் ஒண்டிக்கொள்ள 14,000-க்கும் மேற்பட்ட பதுங்கு குழிகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. ஷெல் விழும் ராத்திரியில் பிள்ளைகளை எழுப்பி அதற்குள் இறக்கும் பெண்ணுக்கு, பாதுகாப்பு பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். அடுத்த முறை எல்லைப் பதற்றம் பற்றி டிவியில் விவாதம் ஓடும்போது, பூஞ்சிலிருந்தோ ரஜௌரியிலிருந்தோ ஒரு பெண்ணைப் பேசக் கூப்பிடுங்கள் என்று அந்தச் சேனலுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.