வீடு வீடாகச் சேர்த்த அணி

2023இல் அலபாமா மாநிலத்தின் அரசு ஊதியப் பட்டியலில் உச்சியில் இருந்தவர் ஆளுநர் அல்லர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நிக் சேபன். ஆண்டுக்கு 1.1 கோடி டாலருக்கும் மேல்.

அப்படி என்ன வேலை? களத்தில் ஒரு பக்கம் 11 பேர்தான். ஆனால் சேபன் காலத்தில் ஓர் அணி 85 பேருக்கு முழு உதவித்தொகை தரலாம். படிப்பு முடிந்தோ தொழில்முறை அணிக்கோ ஆண்டுதோறும் ஒரு கூட்டம் போய்விடும். அந்த இடங்களை நிரப்ப, பள்ளியில் படிக்கும் பையன்களைத் தேடிப் போய், வீட்டுக்கூடத்தில் பெற்றோரிடம் பேசி இசைய வைக்க வேண்டும். வியூகமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சேபன் 1973இல் கென்ட் ஸ்டேட்டில் எடுபிடி உதவியாளராகத் தொடங்கினார். தலைமைப் பொறுப்பு 1990இல்தான் டொலிடோவில் கிடைத்தது. 1998இல் மிச்சிகன் ஸ்டேட் அணியோடு, முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை எதிர்கொண்டார். மனநலப் பேராசிரியர் லயனல் ரோசன் சொன்ன யோசனையை அங்கே பின்பற்றினார்: பந்து நகரும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஏறக்குறைய ஏழு விநாடிதான், அதை மட்டும் ஆடு, புள்ளிப்பலகையைப் பார்க்காதே. 28-24 என்று வென்றார்கள். லூயிசியானா ஸ்டேட் (எல்எஸ்யு) அணியில் 2003 பருவத்தின் தேசியப் பட்டமும் வந்தது. தொழில்முறை மயாமி அணியில் மட்டும் பருப்பு வேகவில்லை: 15 வெற்றி, 17 தோல்வி.

2007இல் அலபாமா வந்தார். முதல் ஆண்டிலேயே சிறிய லூயிசியானா-மன்ரோ அணியிடம் தோற்றார். அதற்குப் பின் ஆறு தேசியப் பட்டங்கள்!

அந்த ஏழு விநாடித் தத்துவத்தைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ 2018 ஜனவரி இறுதியாட்டம்தான் பெரிய சான்று. ஜார்ஜியாவிடம் 13-0 என்று பின்தங்கிய நிலையில், இடைவேளையில் முதன்மை வீரரை உட்கார வைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 26-23 என்று வெற்றி. அப்படியொரு பையன் காத்திருப்போர் வரிசையில் இருந்ததே ஆள்சேர்ப்பின் பலன்.

பிறகு ஆள்சேர்ப்பின் நிலையே மாறியது. 2021 முதல் மாணவர்கள் தம் பெயரால் விளம்பரப் பணம் ஈட்டலாம். கல்லூரி மாறுவதும் எளிதாயிற்று. 2024 ஜனவரியில் 72 வயதில் சேபன் ஓய்வு பெற்றார். பயிற்சியாளர் போனால் ஆட்டக்காரர்களும் 30 நாளுக்குள் வேறு கல்லூரிக்குப் போக வழி தேடலாம் என்பது அப்போதைய விதி. புதிய பயிற்சியாளராக வந்த கேலன் டிபோர், வெளியில் ஆள் தேடுவதற்கு முன் உள்ளே இருந்தவர்களிடம் பேச வேண்டியிருந்தது.