அமெரிக்காவில் காரும் வீடும் உள்ளவர்களுக்கு: அம்ப்ரெல்லா பாலிசி

கலிஃபோர்னியாவில் கார் ஓட்டச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு, காயம்பட்ட ஒருவருக்கு 15,000 டாலராக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது 30,000 டாலர். பெரிய விபத்தென்றால் ஓர் அறுவைசிகிச்சைக்கே இது காணாது. மீதிக்கு, தவறு செய்த ஓட்டுநர்தான் பொறுப்பு. கோர்ட் தீர்ப்பு எதிராக வந்தால் வங்கிச் சேமிப்பு, பங்குகள், பல மாநிலங்களில் சம்பளத்தில் ஒரு பகுதியும் போகும்.

அந்த மீதிக்காக எடுப்பதுதான் அம்ப்ரெல்லா பாலிசி. கார், வீட்டுக் காப்பீடுகளின் வரம்பு தீர்ந்த இடத்தில் இது தொடங்கும். பொதுவாக 10 லட்சம் டாலரிலிருந்து ஆரம்பம். பிரீமியம் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில நூறு டாலர்தான். சின்ன விபத்துகள் இதற்குக் கீழேயுள்ள கார், வீட்டுப் பாலிசிகளோடு முடிந்துவிடுவதால் இந்த மலிவு.

பலர் கோட்டை விடுவது ஒரு நிபந்தனையில். கீழேயுள்ள பாலிசிகளை இவ்வளவுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லும். கார் காப்பீட்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் என்பது வழக்கமான அளவு. நஷ்டஈடு 9,00,000 என்று வைத்துக்கொள்வோம். கார் காப்பீடு 2,50,000 கொடுக்கும், அம்ப்ரெல்லா 6,50,000 கொடுக்கும். இடையில் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க நீங்கள் கார் காப்பீட்டை 1,00,000 ஆகக் குறைத்திருந்தால்? அம்ப்ரெல்லா அப்போதும் 2,50,000-க்கு மேல்தான் கணக்குப் பார்க்கும். நடுவிலுள்ள 1,50,000 உங்கள் பையிலிருந்து.

கார் மட்டுமல்ல, உங்கள் நாய் யாரையாவது கடித்தாலும், நீச்சல் குளத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அடிபட்டாலும் உதவும். அவதூறு வழக்குக்கும் பல பாலிசிகளில் இடமுண்டு. உங்கள் சொந்தக் காயம், சொந்தப் பொருள், தொழில் சார்ந்த வழக்கு, வேண்டுமென்றே செய்த தீங்கு எதற்கும் இது வராது. காப்பீடில்லாத ஒருவர் உங்களை இடித்தால்? அதற்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு சேர்க்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் தராது.

என்னைக் கேட்டால், பதினாறு வயதுப் பிள்ளை கார் ஓட்டத் தொடங்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஏற்கெனவே எடுத்தவர்கள், கார் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதன் முதல் பக்கத்திலுள்ள தொகைகளை அம்ப்ரெல்லா கேட்கும் தொகைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.