மாத்திரையால் வரும் ரத்தம், மாத்திரை இல்லாமல் வரும் வாதம்

“இந்த மாத்திரை போட்டா, அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா ரத்தம் நிக்காதாமே டாக்டர்?”

நோயாளியின் மகள் கேட்பது, இதய மருத்துவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. நியாயமானதும்கூட. இதற்கு ஜோடியாக இன்னொரு கேள்வி உண்டு: போடாமல் விட்டால் என்ன ஆகும்? அது அவ்வளவு எளிதில் யார் வாயிலும் வருவதில்லை.

அந்த மாத்திரை ரத்தம் எளிதில் உறையாமல் தடுப்பது; ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற இதயக் கோளாறுக்காக எழுதப்படுவது. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்றால், இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்று பொருள். நாடி பிடித்தால் தாளம் தப்பியிருக்கும். சிலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, வேறெதற்கோ ஈ.சி.ஜி. எடுக்கும்போது அகப்படும். நடுக்கத்தைவிடப் பெரிய வில்லங்கம் தேக்கம்தான். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சிறு பை இருக்கிறது. ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு உண்டாகும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது அந்தப் பையில்தான். அதிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்த நோயால் பக்கவாத அபாயம் ஏறக்குறைய 5 மடங்காகிறது என்பது அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு சொன்ன கணக்கு.

76 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரஷர் உண்டு, சர்க்கரையும் உண்டு. மருத்துவர்களின் மதிப்பெண் முறையில் 75-ஐத் தாண்டியதற்கு 2, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று; மொத்தம் 4. இப்படிப்பட்ட 100 பேரை மருந்தில்லாமல் விட்டால் ஒரே ஆண்டில் நான்கைந்து பேருக்குப் பக்கவாதம் வரலாம். மருந்து அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும். மறுதட்டுக்கு வருவோம். 18,000 பேருக்கு மேல் பங்கேற்று 2011-இல் வெளிவந்த அரிஸ்டாட்டில் ஆய்வில், பெரிய ரத்தக்கசிவு ஆண்டுக்கு பழைய மருந்தான வார்ஃபரின் எடுத்த 100 பேரில் மூவருக்கு, புதிய மாத்திரையான அபிக்சபான் எடுத்த 100 பேரில் இருவருக்கு. மண்டைக்குள் கசிந்தது 1000 பேரில் முறையே எட்டு, மூன்று.

தட்டுகள் கிட்டத்தட்டச் சமமாகத் தெரிகின்றன, இல்லையா? எடைக்கல் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். வயிற்றில் கசிந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, பெரும்பாலும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டால் அவை திரும்புமா என்பது உறுதியில்லை.

பிறகு ஏன் தயங்குகிறோம்? மருத்துவர்களே தயங்குகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைப் பிடித்துக் காட்டியது. தான் வார்ஃபரின் கொடுத்த நோயாளிக்கு ரத்தக்கசிவு வந்துவிட்டால், அந்த மருத்துவர் அடுத்தடுத்த நோயாளிகளுக்கு அதை எழுதுவது குறைந்தது. வார்ஃபரின் கொடுக்காத நோயாளிக்குப் பக்கவாதம் வந்தபோதோ, அவர் எழுதும் பழக்கத்தில் மாற்றமே இல்லை. கசிவு நம் கையால் வந்தது. வாதம் விதியால் வந்தது. மகளின் கேள்விக்குள் இருப்பதும் இதே கணக்குதான்.

வார்ஃபரினின் பூர்வீகமும் பயத்தைக் குறைக்காது. கெட்டுப்போன இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த பசுவையும் ஒரு கேன் உறையாத ரத்தத்தையும் பனிப்புயலில் சுமந்துகொண்டு விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துக்கு வந்தார். அந்த ஆராய்ச்சியின் வழியில் பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாகவே கடைக்கு வந்தது. 1955-இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் அதையே கொடுத்தார்கள். போதாக்குறைக்கு ‘ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை’ என்று நாம் வைத்த பெயர் வேறு. நீர்ப்பதெல்லாம் இல்லை, உறைவது தாமதமாகிறது, அவ்வளவுதான்.

“ஆஸ்பிரின் போதாதா?” என்பார்கள். போதாது. 75 வயதைக் கடந்தவர்களிடம் இங்கிலாந்தில் நடந்து 2007-இல் வெளிவந்த பாஃப்டா ஆய்வில், ஆஸ்பிரின் குழுவோடு ஒப்பிட்டால் வார்ஃபரின் குழுவில் பக்கவாதம் பாதியாக இருந்தது. ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விழுவதைப் பற்றியும் 1999-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: வார்ஃபரினின் நன்மையை விழும் அபாயம் விஞ்சவேண்டுமானால், முதியவர் ஆண்டுக்குச் சுமார் 295 தடவை விழவேண்டும். தாளில் போட்ட கணக்குதான். அதற்காகத் தலையில் அடிபட்டவரை வீட்டில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத்தான்.

உண்மையில் பயப்படவேண்டியது வேறு இடத்தில். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், கட்டுப்படாத பிரஷர், குடி, யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடரும் பழைய ஆஸ்பிரின். கசிவைக் கூட்டும் இவையெல்லாம் திருத்தக்கூடியவை. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்தின் அளவையும் பார்க்கவேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் புதிய மாத்திரைகள் சரிவராது. வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோதான், கூடவே ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையும். கீரை இந்த மருந்துகளின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அவர்கள் முருங்கைக்கீரையை அடியோடு விடவேண்டியதில்லை. ஒரு வாரம் அண்டா நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்று சாப்பிடாமல் இருந்தால் சரி.

இத்தனையும் பேசி முடிக்கும்வரை அந்த 76 வயதுக்காரரை யாராவது கேட்டார்களா? கனடாவில் 2001-இல் கேட்டுப் பார்த்தார்கள். பக்கவாதத்தைத் தவிர்ப்பதற்காக, மருத்துவர்கள் ஏற்கத் துணிந்ததைவிடக் கூடுதலான ரத்தக்கசிவு அபாயத்தை ஏற்க நோயாளிகள் தயாராக இருந்தார்கள். நம் பெரியவரிடம் கேட்டால், “படுக்கையில மட்டும் விழுந்துடக் கூடாது டாக்டர்” என்பார். அப்புறம், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்பார்.