ஒரே பெட்டி, இரண்டு பேரேடு

பில் போடும் கம்ப்யூட்டர், காமிரா, வாடிக்கையாளருக்கு வைஃபை என மூன்றும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் செருகப்பட்டிருப்பதை இன்று வேலூர், ஆம்பூர் கடைவீதிகளில் நடுத்தர மளிகைக் கடையிலேயே காணலாம். தோல் ஷாப்புகளுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று சிறிது தெரிந்துகொள்வது நம் கல்லாவுக்கு நல்லது.

அதற்கு யாரும் முகவரி சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் எண் ஒன்று உண்டு. தகவல் உள்ளே வந்ததும், அனுப்பிய கருவியின் எண்ணையும் அது வந்த துளையையும் பெட்டி தன் பேரேட்டில் எழுதிக்கொள்ளும். பெறவேண்டிய எண் பேரேட்டில் இருந்தால் அந்தத் துளைக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால் வந்த துளையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடும். ஒரு கருவி பேசாமல் இருந்தால், வழக்கமாக 300 விநாடியில் அதன் பதிவை அடித்துவிடும். நம் கணக்குப்பிள்ளை இவ்வளவு சீக்கிரம் பாக்கியை அடித்தால் நாம் விடுவோமா!

சற்று விலை கூடிய பெட்டிகளில் 'வி-லேன்' வசதி உண்டு. இதற்கான 802.1க்யூ தரம் 1998இல் வந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது சாலைகள் இடம் மாறவில்லை. ஆம்பூருக்குரிய பதிவேடு திருப்பத்தூர் மாவட்டத்தோடு போயிற்று. அதுபோலத்தான் இதுவும். பெட்டி ஒன்றே. பில்லுக்கு 10, காமிராவுக்கு 20 என்று பிரித்துவிட்டால், ஒன்றின் தகவல் மற்றொன்றுக்குப் போகாது.

சிக்கல் எங்கே வருகிறது? காமிராப் படத்தை பில் கம்ப்யூட்டரிலும் பார்க்க ஆசைப்பட்டு, யாரோ ஒருவர் 10ஆம் பிரிவுத் துளையையும் 20ஆம் பிரிவுத் துளையையும் ஒரு துண்டு கேபிளால் இணைத்துவிடுவார். பில் கம்ப்யூட்டர் 3ஆம் துளையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தகவல் அந்தக் கேபிள் வழியே சுற்றி, 20ஆம் துளையில் மறுபடி உள்ளே வரும். பிரிவுக்கு ஒரு பேரேடு வைக்கும் பெட்டியானால் பாதகமில்லை. ஒரே எண் இரு பேரேட்டிலும் தனித்தனியே பதிவாகும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே பேரேடு வைக்கும் பெட்டியோ, "இவர் 3இலிருந்து 20க்குக் குடிபோய்விட்டார்" என்று திருத்தி எழுதிவிடும். கம்ப்யூட்டருக்கு வரவேண்டிய பதில் 20ஆம் துளையைத் தேடும். அது 10ஆம் பிரிவைச் சேர்ந்ததல்ல, ஆகவே தகவல் கைவிடப்படும். கம்ப்யூட்டர் மறுபடி பேசினால் பதிவு 3க்குத் திரும்பும், பிறகு மீண்டும் 20. விளக்குகள் மினுக்மினுக்கென்று எரியும், பில் வராது. ரம்ஜான், தீபாவளி மாலையில் இது நேர்ந்தால் வரிசையில் நிற்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

தனிப் பேரேட்டுப் பெட்டியிலும் அந்தத் துண்டு கேபிள் வேண்டாம் என்பதே நம் கருத்து. பிரித்த சுவரில் நாமே ஓட்டை போட்டதாகும். காமிராவில் புகுந்தவன் கணக்கிலும் புகலாம். இரண்டு பிரிவும் பேசத்தான் வேண்டுமென்றால் நடுவே ரவுட்டர் வையுங்கள். அது தகவலைத் தன் சொந்த எண்ணைப் போட்டு அனுப்புவதால் பேரேடு குழம்பாது. யார் யாரோடு பேசலாம் என்பதையும் அதில் கட்டுப்படுத்தலாம்.

பெட்டி வாங்கும்போது, "ஒவ்வொரு வி-லேனுக்கும் தனிப் பேரேடு உண்டா?" என்று கேளுங்கள். வயரிங் செய்பவரிடம் எந்தத் துளை எந்தப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.