கப்பலில் வந்த குளியலறை

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வன்னியிலோ ஒரே ஆயுளில் இரண்டு முறை, மூன்று முறை வீடு கட்டியவர்கள் உளர். கட்டிய வீட்டை விட்டு ஓடி, மீண்டு வந்து, அத்திவாரக் கற்களைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடியும் சுவர் எழுப்பியவர்கள் அவர்கள். அத்தகையோர் செலவைச் சிக்கனப்படுத்த வழி தேடுவதில் வியப்பில்லை. அவ்வழிகளுள் ஒன்று, குளியலறைக்கு வேண்டிய குழாய், ஷவர், பேசின், கொமட் முதலியவற்றை வெளிநாட்டு உறவினர் மூலம் பெட்டியில் வரவழைப்பதாகும். அது உண்மையிலேயே சிக்கனந்தானா என்பதை என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு ஆராய விரும்புகின்றேன்.

என் தமக்கையார் கிளிநொச்சியில் வசிக்கின்றார். எண்பது வயதைக் கடந்த எங்கள் அன்னையும் அவருடனேயே இருக்கின்றார். அன்னைக்கு முழங்கால் வலி முற்றியது. குந்தி எழுவது அவருக்குப் பெருந்தண்டனையாயிற்று. வீட்டிலிருந்ததோ குந்தியிருக்கும் மலசலகூடம். கொமட் ஒன்று பொருத்த வேண்டுமென்று தமக்கையார் தொலைபேசியில் சொன்னதும், டொரொண்டோவிலுள்ள எங்கள் தம்பி, "அங்கே ஒன்றும் வாங்காதேயுங்கோ அக்கா. இங்கே மலிவு விற்பனை நடக்குது. முழு பாத்ரூமையும் நான் அனுப்புறன்" என்றான். இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில் அவன் வாங்கினான். பெட்டிகள் கப்பலேறின. நான்கு மாதத்தின் பின்னரே அவை வீடு வந்து சேர்ந்தன. அந்நான்கு மாதமும் அன்னை சுவரைப் பற்றிக்கொண்டு பழைய மலசலகூடத்துக்கே சென்றுவந்தார்.

குழாய் வேலை செய்பவர் வந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை, திறமான சாமான்தான். ஆனால் இது எங்கட தண்ணிக்குச் செய்த சாமான் இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது.

உயரமே வலிமை

வன்னி வீடுகளிற் பெரும்பாலானவற்றிற்குக் கிணறே நீருக்கு ஆதாரம். கிணற்றிலிருந்து மோட்டார் மூலம் மேலே உள்ள தாங்கிக்கு நீர் ஏறுகின்றது. தாங்கியிலிருந்து தன் பாரத்தினாலேயே கீழிறங்குகின்றது. நீர் பத்து மீற்றர் உயரத்தில் நின்றால் அதன் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் ஆகும் என்பதை மாணவர்கள் படித்திருப்பர். எங்கள் தாங்கியின் நீர்மட்டம் நிலத்திலிருந்து 15 அடி. ஷவரின் தலை 7 அடி உயரத்தில் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையேயுள்ள 8 அடியே, அதாவது 2.4 மீற்றரே, நீரை உந்தும் வலிமை. அது ஒரு பாரில் நான்கிலொரு பங்குக்கும் குறைவு.

வட அமெரிக்காவில் வீட்டுக் குழாய்களில் மூன்று, நான்கு பார் அழுத்தம் இருப்பது வழக்கம். 1994 முதல் அமெரிக்கச் சட்டம் ஒரு ஷவர் நிமிடத்துக்கு 9.5 லீற்றருக்கு மேல் வெளியேற்றலாகாது என்று விதித்துள்ளது. அந்த அளவு 5.5 பார் அழுத்தத்தில் கணிக்கப்படுவது. அழுத்தம் நான்கிலொன்றாகக் குறைந்தால் நீரின் அளவு பாதியாகக் குறையும் என்பது பௌதிக விதி. இதன்படி கணக்கிட்டால், எங்கள் தாங்கியின் கீழ் அதே ஷவர் தரக்கூடியது நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் மட்டுமே. ஒரு வாளி நிறைய ஏழெட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். மழைபோற் பொழியும் என்று படத்திற் காட்டப்பட்ட அகன்ற ஷவர், எங்கள் வீட்டில் கூரை ஒழுகுவதுபோற் சொட்டியது.

இங்கிலாந்திலிருந்து வரும் பொருள்களின் நிலை சற்று வேறு. அங்கும் பழைய வீடுகளில் கூரையின்கீழ்த் தாங்கி வைத்து நீரை இறக்கும் முறையே நெடுங்காலம் நிலவியது. ஆதலால் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட குழாய்கள் அங்கே விற்பனையாகின்றன. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதும் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். இலண்டனில் உறவினர் உள்ளோர் அவ்வெண்ணை முதலிற் படித்துச் சொல்லும்படி கேட்பது நலம்.

புரி சொல்லும் சரித்திரம்

அடுத்த இடையூறு திருகுப் புரியில் வந்தது. அரை அங்குலக் குழாய் என்றால் உலகெங்கும் ஒன்றே என்று நாம் எண்ணுகின்றோம். அஃது அவ்வாறன்று. 1841இல் ஜோசப் விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் புரியின் கோணம் 55 பாகை என வகுத்தார். 1864இல் வில்லியம் செலர்ஸ் என்னும் அமெரிக்கர் 60 பாகை என வேறொன்றை வகுத்தார். பிரித்தானியர் ஆண்ட நாடுகள் முன்னதைப் பின்பற்றின. வட அமெரிக்கா பின்னதைக் கைக்கொண்டது. அரை அங்குலத்தில் இரண்டிலும் அங்குலத்துக்குப் பதினான்கு புரிகளே இருப்பதனால், ஒன்றினுள் மற்றது சில சுற்றுகள் செல்லும். பொருந்திவிட்டது என்று மனம் மகிழும். ஆனால் கோணம் வேறாதலால் இடுக்கின் வழியே நீர் கசியும். இறுக்க இறுக்கச் சுவரினுள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் இணைப்பு வெடிக்கும். எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது. புதிதாகப் பதித்த ரைல்ஸ் இரண்டை உடைத்தே அதைச் சீர்செய்ய நேர்ந்தது.

கொமட்டோ பொருந்தவேயில்லை. கனடாவில் அதன் கழிவுவாய் கீழ்நோக்கி, சுவரிலிருந்து 12 அங்குலம் தள்ளித் தரையில் அமைவது வழக்கம். தரையில் ஒரு வளையம் பொருத்தி, அதன்மேல் மெழுகு வளையம் வைத்து உட்காரவைப்பர். எங்கள் வீட்டுக் கழிவுக்குழாயோ சுவர்வழியே வெளியே சென்று குழியை அடைவது. தரையை வெட்டிக் குழாயை மாற்றும் கூலியை மேசன் சொன்னபோது தமக்கையார் மௌனமானார். மறுநாட் காலை நான் கடைத்தெருவுக்குச் சென்று, இந்நாட்டிலேயே செய்யப்பட்ட கொமட் ஒன்றை வாங்கி வந்தேன். மாலைக்குள் அது பொருத்தப்பட்டது. நான்கு மாதம் காத்திருந்த அன்னைக்கு ஒரே பகலில் வழி பிறந்தது.

கணக்கின் மறுபக்கம்

தம்பி செய்த தவறு அன்பினால் விளைந்தது. ஆனால் அவன் கணக்கில் சில வரிகள் விடுபட்டிருந்தன. வெளிநாட்டுப் பொருளுக்குச் சுங்கத் தீர்வை கணிக்கும்போது கடை விலையை மட்டும் பார்ப்பதில்லை. கப்பற் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த பெறுமதியே அடிப்படையாகும். அதன்மேல் தீர்வை, செஸ் வரி முதலியன ஏறும். அவற்றையும் கூட்டிய தொகையின்மேல் பெறுமதி சேர் வரி விழும். அவ்வரி 2024 சனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டு வீதமாயிற்று. தீங்கான் உடையக்கூடியது, பாரமும் மிக்கது. வழியில் வெடித்த பேசினுக்கும் கூலி கொடுத்தே ஆகவேண்டும்.

நாணய மாற்றும் ஒரு முக்கிய விடயம். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. பின்னர் இறங்கிய போதிலும் பழைய நிலையை அது அடையவில்லை. எனவே அங்கே உழைக்கும் பணத்தைப் பொருளாக மாற்றி அனுப்புவதைவிட, பணமாகவே வங்கிவழி அனுப்பி இங்கே வாங்குவது பல சமயங்களில் இலாபமாகும். அப்பணம் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு கடைக்காரருக்கும் கூலியாளுக்கும் பயன்படும்.

வெளிநாட்டுப் பொருளில் நம்மவர்க்குள்ள நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1990களில் சிமெந்தும் மின்கலமும் வன்னிக்குள் வரத் தடையிருந்தது. ஏ-9 வீதி 2002இல் திறந்து 2006இல் மீண்டும் மூடியது. கடையிற் பொருளே இல்லாத காலத்தைக் கண்டவர்கள், கடலுக்கப்பாலிருந்து வரும் பெட்டியைப் பெரும்பேறாகக் கருதினர். 2020இலும் ரைல்ஸ் உள்ளிட்ட பல பொருள்களின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது விலை ஏறக் கண்டோம். அந்த அச்சம் எளிதில் நீங்குவதன்று.

ஆயினும் இதே மண்ணில் வேறொரு பாடமும் உண்டு. போரின்பின் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை முறையிற் பயனாளிகளின் கையிலேயே கொடுக்கப்பட்டது. அவர்களே மேசனைத் தேடினர், கல் அரிந்தனர், வீட்டை எழுப்பினர். சில ஆண்டுகளின்பின், 65,000 இரும்பு வீடுகளை வெளியிலிருந்து ஆயத்த நிலையிற் கொணர்ந்து நிறுவும் திட்டம் ஒன்று வடக்கு கிழக்குக்கென முன்வைக்கப்பட்டது. வெயிலுக்கு ஏற்றதா, பழுதானால் யார் திருத்துவது, அதே செலவில் கல்வீடு எத்தனை கட்டலாம் என்ற கேள்விகள் எழுந்தன. முன்வைக்கப்பட்டவாறு அத்திட்டம் நிறைவேறவில்லை. வீட்டுக்குப் பொருந்தும் அந்தக் கேள்விகள் குழாய்க்கும் பொருந்தும்.

எதை அனுப்பலாம்?

பழுதானால் யார் திருத்துவது என்பதே முதற் கேள்வி. வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. சுண்ணாம்புப் படிவு குழாயின் உட்பாகத்தை நாளடைவில் அடைக்கும். உள்ளூர்க் குழாயின் இறப்பர் வாசரை மாற்றச் சிறு தொகை போதும். அந்நியக் குழாயின் உட்கருவி இங்கே கிடையாவிடின் முழுக் குழாயையும் கழற்றி எறிய வேண்டியதுதான். ஆகவே நீர் ஓடும் பொருள்களை இங்கேயே வாங்குவது அறிவுடைமை. அனுப்பியே தீருவோம் என்பார், குழாயின் அளவையும், கழிவுவாய்க்கும் சுவருக்கும் உள்ள தூரத்தையும், தாங்கியின் உயரத்தையும் முதலில் எழுதி வாங்கட்டும். வேலை செய்பவரிடம் படத்தைக் காட்டிக் கேட்ட பின்பே பணத்தைச் செலுத்தட்டும்.

நீரோடு தொடர்பில்லாத, பாரமற்ற, உடையாத பொருள்களின் கதை வேறு. தம்பியின் பெட்டியிலே துருப்பிடியாத உருக்கினாலான கைப்பிடிச் சட்டங்கள் இரண்டு இருந்தன. முதியோர் பற்றி எழுவதற்கென அவை செய்யப்பட்டவை. நான்கு திருகாணிகளை இறுக்கிச் சுவரில் அவற்றைப் பொருத்தினோம். அவற்றுக்கு அழுத்தமும் வேண்டியதில்லை, புரியும் வேண்டியதில்லை.

சென்ற மாதம் தம்பி தொலைபேசியில், தான் அனுப்பியவற்றில் எது பயன்பட்டது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தமக்கையார் பதில் சொல்லுமுன் அன்னை தொலைபேசியை வாங்கி, "விடியக்காலமை எழும்பினால் நான் முதல் பிடிக்கிறது உன்ர கம்பியைத்தான் ராசா" என்றார். கனடாக் கொமட் இன்னும் கொட்டிலின் ஒரு மூலையிலேயே இருக்கின்றது. அதிலே தமக்கையார் கற்பூரவள்ளி நட்டிருக்கின்றார். அது செழித்து வளர்கின்றது.